சான் ஹோசேயில் இரண்டு வாரம், கையில் கார் இல்லை: சைக்கிளில் ஏற நல்ல மலை எது?

ஈசிஆர்_காற்று

எல்லோருக்கும் வணக்கம். ஏப்ரல் நடுவில் ஆபீஸ் வேலையாக இரண்டு வாரம் கலிஃபோர்னியாவில் சான் ஹோசே போகிறேன். ஹோட்டல் ஊரின் வடக்கு ஓரத்தில், மில்பிடஸைத் தொட்டாற்போல இருக்கிறது. கார் எடுக்கப்போவதில்லை, ஒரு ரோட் பைக் வாடகைக்கு எடுக்கலாம் என்று எண்ணம். முதல் வாரக் கடைசி இரண்டு நாளும் என்னுடையது. அடுத்த வாரம் ஞாயிறு மட்டும்தான். வாரநாளில் மாலை ஐந்தரைக்கு மேல் விடுவார்கள்.

என்னைப் பற்றி: பத்து வருடமாகச் சென்னையில் ஓட்டுகிறேன். திருவான்மியூரில் கிளம்பி மாமல்லபுரம், அங்கே ஒரு காபி, பிறகு திரும்பி வீடு. எங்களுக்கு மலை என்றால் கத்திப்பாரா மேம்பாலம்தான். திரும்பும்போது காற்று எதிரில் அடித்தால் அதையே ஏற்றம் என்று நினைத்து மனதைத் தேற்றிக்கொள்வோம். ஏலகிரி இரண்டு முறை ஏறியிருக்கிறேன். கொல்லிமலை ஒருமுறை. அங்கே உள்ள எழுபது கொண்டை ஊசி வளைவில் எத்தனையில் நான் சைக்கிள் மேல் இருந்தேன் என்று யாரும் கேட்காதீர்கள்.

சைக்கிள்காரர்கள் ஓட்டிய பாதைகளைப் பதிகிற ஸ்ட்ராவா செயலியில் அந்தப் பக்கத்து வரைபடத்தைத் திறந்தால் எறும்புப் புற்று மாதிரி கோடுகள். எதை எடுப்பது, எதை விடுவது என்றே தெரியவில்லை. 2011 டூர் ஆஃப் கலிஃபோர்னியா சைக்கிள் பந்தயத்தில் ஒரு கட்டம் சியரா ரோடு உச்சியில் முடிந்தது. கிறிஸ் ஹார்னர் ஜெயித்தாரே, அந்த ஏற்றம். அது என் ஹோட்டலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. முதல் சனிக்கிழமை அதில் ஏறிவிடலாம் என்று இருக்கிறேன். சரியா?

கிழக்குச்சரிவு

சரியில்லை தம்பி. நான் அந்த மலையடிவாரத்தில் பதினான்கு வருடமாகக் குடியிருக்கிறேன், அதனால் உரிமையோடு சொல்கிறேன்.

சியரா ரோடு ஆறு கிலோமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. அதற்குள் 540 மீட்டர் உயரம் ஏறவேண்டும், அதாவது சராசரியே ஒன்பது சதவீதத்துக்கு மேல். பியட்மான்ட் ரோட்டைத் தாண்டியதும் வீடுகளுக்கு நடுவிலேயே முகத்தில் அறைகிற மாதிரி ஆரம்பிக்கும். நிழல் கிடையாது. புல்வெளி, மாடுகள், நடுவில் உங்கள் மூச்சுச் சத்தம். பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் நீண்ட விமானப் பயணம், தூக்கக் கலக்கம், பழக்கமில்லாத வாடகை வண்டி, இதோடு முதல் சனிக்கிழமை அங்கே போனால் கொல்லிமலைக் கதைதான் திரும்பவும்.

உங்களுக்கு நான் சொல்வது மவுண்ட் ஹாமில்டன். உச்சியில் லிக் வானியல் ஆய்வகம், உயரம் 1,283 மீட்டர். ஆலம் ராக் பக்கத்திலிருந்து மேலே வரை ஏறக்குறைய 30 கிலோமீட்டர். "அம்மாடி" என்று பயப்பட வேண்டாம். சாய்வு ஆறு, ஆறரை சதவீதத்துக்கு மேல் போவது அபூர்வம். ஒரே மூச்சில் ஏறுவதும் இல்லை, மூன்று தவணை. முதல் ஏற்றம் பத்து கிலோமீட்டர் சொச்சம், பிறகு கிரான்ட் பூங்காவுக்கு ஒரு இறக்கம். அடுத்து ஒரு சின்ன ஏற்றம், பிறகு ஸ்மித் கிரீக் ஓடைக்கு இறக்கம். அங்கே பாலத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் வெள்ளைக் கோபுரங்கள் தலைக்கு மேல் தெரியும். கைக்கெட்டும் தூரம் என்று தோன்றும், ஆனால் இன்னும் 11 கிலோமீட்டர் இருக்கும். அந்தக் கடைசிப் பகுதியில் ஒவ்வொரு வளைவிலும் கோபுரம் இடது பக்கம் போகும், வலது பக்கம் வரும், காணாமல் போகும். கடுப்பாகத்தான் இருக்கும், சொல்லிவிட்டேன்.

திரும்பும்போது அந்த இரண்டு இறக்கமும் ஏற்றமாகிவிடும் என்பதை முதல் முறை போகிறவர்கள் எல்லோரும் மறந்துவிடுவார்கள். தெம்பைக் கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் கிரான்ட் பூங்காவில் நிரப்பலாம். மேலே ஆய்வகக் கட்டடம் பூட்டியிருந்தால் உத்தரவாதமில்லை. வழியில் கடை கிடையாது, பாதி தூரம் போனில் சிக்னலும் கிடையாது. குளிர்காலத்தில் பனி விழுந்தால் பாதையை மூடுவார்கள். ஏப்ரலில் அநேகமாகப் பிரச்சினை இருக்காது, மலை முழுக்கப் பச்சையாக இருக்கும். ஜூனுக்குப் பிறகு வந்தால் எல்லாம் காய்ந்து வைக்கோல் நிறமாகிவிடும்.

கோவை_34பல்

அக்கா சொன்னதற்கு நான் கணக்கு போட்டுக் காட்டுகிறேன். வாடகைக் கடையில் என்ன கியர் தருகிறார்கள் என்று கேட்டீர்களா? நிறையக் கடைகளில் பின்னால் 11-28 கேசட் (பின் சக்கரத்துப் பல்சக்கர அடுக்கு, சின்னதில் 11 பல், பெரியதில் 28) போட்ட வண்டியைத் தலையில் கட்டிவிடுவார்கள்.

நீங்கள், சைக்கிள், தண்ணீர் எல்லாம் சேர்த்து 90 கிலோ என்று வைப்போம். ஒன்பதரை சதவீதத்தில் மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் போக ஏறக்குறைய 195 வாட் வேண்டும். முன்னால் 34, பின்னால் 28 என்றால் பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி இரண்டரை மீட்டர் நகரும். எட்டு கிலோமீட்டர் வேகத்துக்கு நிமிடத்தில் 52 சுற்று. செக்கு மாடு மாதிரி. ஈசிஆரில் 90 சுற்றில் பழகிய முழங்காலுக்கு அது தண்டனை. பின்னால் 34 பல் இருந்தால் அதே வேகத்தில் 63 சுற்று. சமாளிக்கலாம்.

இப்போது அதே 195 வாட்டை ஆறு சதவீதத்தில் போடுங்கள். வேகம் 12 பக்கம் வரும், 28 பல்லிலேயே நிமிடத்துக்கு 78 சுற்று. அக்கா சொல்கிற மலையில் கியர் மோசமாக இருந்தாலும் தப்பித்துவிடலாம், சியராவில் முடியாது. "உன்னால் முடியுமா" என்று காலைக் கேட்பதற்கு முன்னால் கேசட்டைக் கேட்கவேண்டும்.

எங்கள் ஊரில் மருதமலைக்கு வாராவாரம் ஏறுகிற ஆளாகச் சொல்கிறேன்: 34 பல் போடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பெருக்கல்_வாய்ப்பாடு

ஸ்ட்ராவா என்றதும் ஒரு விஷயம். அதில் ஏற்றங்களுக்கு 4, 3, 2, 1, அதற்கும் மேலே ஹெச்சி (தரவரிசைக்கே அடங்காதது) என்று தரம் போடுகிறார்களே, அது எப்படி வருகிறது தெரியுமா? நீளத்தை மீட்டரில் எடுத்து, சாய்வின் சதவீதத்தால் பெருக்குவார்கள். 8,000 தாண்டினால் 4-ஆம் தரம். 16,000, 32,000, 64,000 என்று போய், 80,000 தாண்டினால் ஹெச்சி. சாய்வு குறைந்தது மூன்று சதவீதமாவது இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

யோசித்துப் பாருங்கள், நீளத்தைச் சாய்வால் பெருக்கினால் கிடைப்பது ஏறிய உயரம், நூறு மடங்காக. ஆக 2-ஆம் தரம் என்றால் 320 மீட்டருக்கு மேல் ஏற்றம் என்று அர்த்தம், வேறொன்றும் இல்லை. அது பதினைந்து கிலோமீட்டரில் மெதுவாக ஏறுகிறதா, மூன்று கிலோமீட்டரில் சுவர் மாதிரி நிற்கிறதா என்று அந்த எண் சொல்லாது. சியரா ரோடும் 2-ஆம் தரம்தான். வீட்டுக்கு வந்த மாமியார் ஏறக்கூடிய சில பாதைகளும் 2-ஆம் தரம்தான்.

சராசரியையும் நம்பாதீர்கள். ஹாமில்டன் முழுப் பாதையின் சராசரி நான்கு சதவீதத்துக்குள் காட்டும், நடுவில் இரண்டு இறக்கம் இருப்பதால். ஏறுகிற பகுதியில் கால் உணர்வது ஆறு. எங்கே எவ்வளவு ஏறுகிறது, இறங்குகிறது என்று காட்டும் குறுக்குவெட்டுப் படத்தைப் பார்க்காமல் எந்த ஏற்றத்துக்கும் கிளம்பக்கூடாது.

பனிமூட்டம்

எல்லோரும் ஹாமில்டன் ஹாமில்டன் என்கிறீர்கள். நான் எதிர்க்கட்சி.

ஒரு முழு சனிக்கிழமையை வெயிலில் வறுபட்டுச் செலவழிக்க வேண்டுமா? வளைகுடாவுக்கு மேற்கே போங்கள் நண்பரே. ஓல்ட் லா ஹோண்டா ரோடு. 5.4 கிலோமீட்டர், 390 மீட்டர் ஏற்றம், சராசரி ஏழு சொச்சம். ஆரம்பத்திலிருந்து முடிவு வரை ரெட்வுட் மர நிழல். (செம்மரம் என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள், அது ஆந்திரக் காட்டில் கடத்துகிற மரம்.) பாதை ஒரு காரும் ஒரு சைக்கிளும் விலகுகிற அகலம்தான், வண்டிகளும் மிகக் குறைவு. கோடையில்கூடக் காலை நேரத்தில் கடல் மூடுபனி வந்து மரத்திலிருந்து மழை மாதிரி சொட்டும்.

இந்த ஊர் சைக்கிள்காரர்களுக்கு அது ஒரு அளவுகோல். புதிதாக ஒருவரைப் பார்த்தால் "உங்க ஓல்ட் லா ஹோண்டா நேரம் எவ்வளவு?" என்றுதான் கேட்பார்கள். இருபது நிமிடத்துக்குள் என்றால் எழுந்து நின்று கும்பிடுவார்கள். முப்பது நிமிடம் என்றால் மரியாதை. அதற்கு மேல் என்றால் "நல்ல இடம் இல்லையா" என்று பேச்சை மாற்றிவிடுவார்கள்.

கார் இல்லாமல் போக வழி: மில்பிடஸிலிருந்து லைட் ரயிலில் மவுண்டன் வியூ, அங்கே கால்ட்ரெய்ன் மாறி மென்லோ பார்க். கால்ட்ரெய்னில் சைக்கிளுக்கென்றே பெட்டி உண்டு, நேராகத் தள்ளிக்கொண்டு ஏறலாம். மென்லோ பார்க்கிலிருந்து சாண்ட் ஹில் ரோடு வழியாகப் போர்ட்டோலா வேலி. துணிகர முதலீட்டு நிறுவனங்கள் வரிசையாக இருக்கிற ரோடு, உங்கள் ஸ்டார்ட்அப் யோசனையைக் கத்திக்கொண்டே போகலாம்.

ஒன்றே ஒன்று: ஏறிய வழியில் இறங்காதீர்கள். குறுகலான பாதை, வளைவில் எதிரே ஏறுகிறவர் தெரியமாட்டார். உச்சியில் ஸ்கைலைன் சாலையைப் பிடித்து வடக்கே கொஞ்ச தூரம் போய் 84-ஆம் நெடுஞ்சாலையில் உட்சைடுக்கு இறங்குங்கள். அந்தச் சந்திப்பில் மோட்டார் சைக்கிள் கூட்டம் மொய்க்கிற ஒரு பழைய உணவகம் இருக்கிறது, ஆலிஸஸ் ரெஸ்டாரன்ட். காபி குடித்துவிட்டு இறங்கலாம்.

கிழக்குச்சரிவு

பனிமூட்டம், அங்கே போக இரண்டு ரயில், திரும்ப இரண்டு ரயில். தம்பிக்கு வீட்டு வாசலிலேயே மலை இருக்கிறது. ஓல்ட் லா ஹோண்டா நல்ல ஏற்றம்தான், அதை இரண்டாவது ஞாயிற்றுக்குச் சொல்லுங்கள். முதல் சனிக்கிழமை ஹாமில்டன். லைட் ரயிலிலேயே ஆலம் ராக் வரை போய்விடலாம், அங்கிருந்து அடிவாரம் சில கிலோமீட்டர்தான்.

யாழ்_ஓட்டி

நான் இருப்பது டொரோண்டோவில். அக்கா வீட்டுக்கு ஃப்ரீமாண்ட் போகும்போதெல்லாம் சைக்கிள் ஓடியிருக்கிறேன். மலையைப் பற்றி இவர்கள் சொல்லிவிட்டார்கள், நான் வேறு மூன்று விஷயம் சொல்கிறேன்.

முதலாவது பிரேக். அமெரிக்க வண்டிகளில் இடது கைப் பிடி முன் சில்லுக்கு, வலது கைப் பிடி பின் சில்லுக்கு. உங்கள் வண்டியில் எப்படி இருக்கிறது என்று போவதற்கு முன் பாருங்கள். மாறி இருந்தால் கடையிலேயே சொல்லி மாற்றச் சொல்லுங்கள், அல்லது சமதரையில் ஒரு மணித்தியாலம் ஓடிப் பழகுங்கள். பதினைந்து கிலோமீட்டர் இறக்கத்தில் ஒரு மான் குறுக்கே பாயும்போது கை யோசிக்காது, பழகியதைத்தான் பிடிக்கும்.

இரண்டாவது, சாலையின் வலது பக்கம். ஊருக்குள் மற்ற வாகனங்களைப் பார்த்து நாங்கள் தானாகவே சரியாகப் போய்விடுவோம். ஆபத்து ஆளில்லாத மலைப் பாதையில்தான். ஒருமுறை படம் எடுக்க நின்றேன், திரும்ப ஏறினேன், அரைக் கிலோமீட்டர் இடது பக்கமாகவே நிம்மதியாகப் போனேன். வளைவில் ஒரு பிக்-அப் வந்தது. அவர் மெதுவாக வந்ததால் இன்று இதை எழுதுகிறேன். ஒவ்வொரு முறை நின்று புறப்படும்போதும் "வலது, வலது" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

மூன்றாவது, ஒதுங்கப் போகும்போது மூன்று இலை மூன்று இலையாக உள்ள செடியைத் தொடவேண்டாம். பாய்சன் ஓக். பட்டால் கிழமைக் கணக்கில் சொறியவேண்டி வரும். எந்த இடத்தில் சொறியவேண்டி வரும் என்பதை உங்கள் கற்பனைக்கு விடுகிறேன்.

ஈசிஆர்_காற்று

யாழ்_ஓட்டி, மூன்றாவதைப் படித்துவிட்டு ஆபீஸில் சிரித்து மாட்டிக்கொண்டேன்.

கடைக்கு எழுதிக் கேட்டேன். 11-28தானாம். 11-34 கேட்டதற்கு "நீங்கள் சொல்லும் மலைக்கு இதுவே போதும்" என்று பதில். எனக்கு எது போதும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? வேறு கடையில் 34 பல் உள்ள வண்டி இருக்கிறது, நாளுக்குப் பத்து டாலர் கூட. எடுத்துவிட்டேன். என்னுடைய பெடலும் ஷூவும் கொண்டுபோகிறேன்.

ஒரு கேள்வி. அக்காவும் மற்றவர்களும் அந்த ஊரிலேயே இருப்பதால் சொல்கிறீர்கள். நாளைக்கே என்னை வேறு ஏதாவது பெரிய ஊருக்கு அனுப்புவார்கள், அங்கே தமிழ்க்கார அக்கா இருக்கமாட்டார். வரைபடத்தை மட்டும் வைத்து நல்ல ஏற்றத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

கிழக்குச்சரிவு

நல்ல கேள்வி. எனக்கு நானே வைத்துக்கொண்ட வழி ஒன்று இருக்கிறது. பாதையைப் பார்த்தால் முதலில் கேட்பேன்: இதை யார் போட்டார்கள், எதை மேலே கொண்டுபோக?

மலை உச்சிக்கு யாரும் சும்மா ரோடு போடுவதில்லை. நம் ஊரில் பாதி மலைக்கு ஒரு முருகன் இருப்பார், பாதை அவருக்காக வந்திருக்கும். இங்கே முருகன் இல்லை, அதனால் வேறு காரணங்கள். ஹாமில்டனை எடுத்துக்கொள்ளுங்கள். ஜேம்ஸ் லிக் என்று ஒருவர், பியானோ செய்கிற தச்சர். தென் அமெரிக்காவில் சம்பாதித்து, 1848-இல் சான் ஃப்ரான்சிஸ்கோ வந்து, நிலம் வாங்கிப் பெரும் பணக்காரர் ஆனார். கடைசிக் காலத்தில் தனக்கு ஒரு பிரம்மாண்டமான பிரமிடு கட்டிக்கொள்ளும் எண்ணம் இருந்ததாம். நல்ல வேளையாக யாரோ பேசி மனதை மாற்றி, உலகத்திலேயே பெரிய தொலைநோக்கிக்குப் பணம் தரவைத்தார்கள். அவர் நிபந்தனை: மலைக்கு முதல்தரமான பாதையை மாவட்ட நிர்வாகம் போட்டுத் தரவேண்டும். 1876-இல் போட்டு முடித்தார்கள். அதே வருடம் அவர் இறந்துவிட்டார்.

அன்றைக்கு லாரி கிடையாது. செங்கல், இரும்பு, தொலைநோக்கியின் பாகங்கள் எல்லாம் குதிரை வண்டியில்தான் ஏறவேண்டும். பாரம் இழுக்கிற குதிரைக்கு ஆறரை சதவீதத்துக்கு மேல் கஷ்டம். அதனால்தான் பாதை அவ்வளவு வளைந்து வளைந்து போகிறது, செங்குத்தாக எங்கேயும் ஏறுவதில்லை. ஏறக்குறைய 150 வருடம் முன்னால் குதிரைக்குப் பார்த்துப் போட்ட சாய்வு, இன்று சைக்கிள்காரருக்கு வாய்த்திருக்கிறது. கோவை_34பல் போட்ட கணக்கை அன்றைக்கே ஒரு பொறியாளர் குதிரைக்குப் போட்டிருக்கிறார்.

இப்போது தெற்கே உமுன்ஹம் மலையைப் பாருங்கள். 1,063 மீட்டர். பனிப்போர் காலத்தில் விமானப்படை ரேடார் வைத்த இடம், அந்தக் கான்கிரீட் கட்டடம் இன்னும் உச்சியில் பெட்டி மாதிரி நிற்கிறது. 2017-இல்தான் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். டிரக் எஞ்சினை நம்பிப் போட்ட பாதை, யார்மேலும் இரக்கம் கிடையாது. பதினைந்து சதவீதத்துக்கு மேல் எல்லாம் வரும். சியராவும் பண்ணைக்காரர்களின் மலைதான், குதிரை வண்டிப் பொறியாளர் அங்கே வரவில்லை.

ஆக, பழைய வானியல் ஆய்வகம், பழைய மலைவாசஸ்தலம், பழைய ரயில் தடம் என்றால் சாய்வு மிதமாக இருக்க நிறைய வாய்ப்பு. ரேடார், டிவி கோபுரம், தண்ணீர்த் தொட்டி என்றால் கேசட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் இன்னொன்று, பாதை மேலே போய் முட்டி நிற்கிறதா என்று பாருங்கள். முட்டுச் சந்து என்றால் குறுக்குவழிக் கார்கள் வராது. கூப்பர்டினோவுக்கு மேலே மான்டபெல்லோ ரோடு அப்படித்தான். எட்டு கிலோமீட்டர் சொச்சம், 600 மீட்டர் ஏற்றம், வழியில் ரிட்ஜ் திராட்சைத் தோட்டம். அங்கே போகிற கார்களைத் தவிர வேறெதுவும் இல்லை. வார நடுவில் ஒரு மாலை அங்கே ஏறினால் கீழே சிலிக்கான் வேலி முழுக்க விளக்குப் போடுவதைப் பார்க்கலாம். நான் சோர்ந்துபோன நாட்களில் போகிற இடம் அது.

பெருக்கல்_வாய்ப்பாடு

அக்கா, இதை ஸ்ட்ராவாக்காரர்கள் ஒரு வடிகட்டியாகப் போடலாம். "குதிரை / டிரக்".

பனிமூட்டம்

ஒத்துக்கொள்கிறேன், ஆனால் ஒரு விதிவிலக்கு. மவுண்ட் டியாப்லோ, 1,173 மீட்டர். பாதை முழுக்க ஆறு ஏழு சதவீதம் என்று இதமாகக் கூட்டிக்கொண்டு போய், உச்சிக்கு முன்னால் கடைசி ஒரு இருநூறு மீட்டரில் பதினேழு சதவீதத்தைக் காட்டும். சுற்றுலாப் பயணிகள் எல்லாம் காரிலிருந்து வேடிக்கை பார்ப்பார்கள். இறங்கித் தள்ளவும் முடியாது, மானம் போய்விடும்.

மெட்ராஸ்_மிதி

குறுக்கே ஒரு சந்தேகம். எனக்கும் அடுத்த மாதம் சான் ஃப்ரான்சிஸ்கோ பயணம், ஆனால் மனைவி, பையனோடு. அரை நாள்தான் கிடைக்கும். முப்பது கிலோமீட்டர் ஏற்றம் என்று ஆரம்பித்தால் வீட்டில் பேச்சே இருக்காது. ஏதாவது?

பனிமூட்டம்

ஹாக் ஹில். கோல்டன் கேட் பாலத்தைச் சைக்கிளில் தாண்டியதும் இடது கைப் பக்கம். மூன்று கிலோமீட்டருக்குள், ஆறு சதவீதம். உச்சியிலிருந்து பாலமும் நகரமும் காலடியில் கிடக்கும். மூடுபனி இருந்தால் பாலத்தின் கோபுர நுனி மட்டும் தெரியும், அதுவும் அழகுதான். காலை ஆறரைக்குக் கிளம்பினால் அவர்கள் எழுந்து காபி குடிப்பதற்குள் வந்துவிடலாம். உச்சியைத் தாண்டி மறுபக்கம் இறங்குகிற ஒருவழிப் பாதை மிகச் செங்குத்து, முதல் முறை போகிறவர் வந்த வழியே திரும்புவது நல்லது.

ஈசிஆர்_காற்று

போய் வந்துவிட்டேன். யாரும் இழையைப் பூட்டிவிடாதீர்கள், கதை இருக்கிறது.

முதலில் பாவமன்னிப்பு. அக்கா அத்தனை சொல்லியும் கேட்காமல் வியாழன் மாலையே சியரா ரோட்டுக்குப் போனேன். ஏழரை வரை வெளிச்சம் இருந்தது, வண்டி புதிது, ஆசை விடவில்லை. வீடுகள் முடிகிற இடம் வரை ஹார்னர் மாதிரிதான் ஏறினேன். அதற்குப் பிறகு 34 பல்லிலும் கால் சுற்றவில்லை. பாதியில் ஒரு வேலியோரம் இறங்கிவிட்டேன். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு மாடு நின்று அசைபோட்டுக்கொண்டே என்னைப் பார்த்தது. அவ்வளவு அலட்சியமாக என்னை யாரும் பார்த்ததில்லை. திரும்பி இறங்கும்போது, வலது, வலது.

சனிக்கிழமை ஹாமில்டன். ஏழேகாலுக்கு ஆலம் ராக்கிலிருந்து ஆரம்பித்தேன். முதல் அரை மணி நேரம் எனக்குச் சந்தேகமாகவே இருந்தது: இது மலையா, யாராவது ஏமாற்றுகிறார்களா என்று. ஏறுகிறோம் என்பதே தெரியவில்லை. திரும்பிப் பார்த்தால் ஊர் கீழே சின்னதாகக் கிடக்கிறது. ஈசிஆரில் ஓட்டுகிற அதே தாளம், கொஞ்சம் மெதுவாக, அவ்வளவுதான். குதிரைக்குப் போட்ட பாதை என்று நீங்கள் சொன்னதை நினைத்துக்கொண்டே போனேன். வளைவுகளில் கூடச் சாய்வு மாறவில்லை. பாரம் இழுக்கிற மாடோ குதிரையோ வளைவில் திணறக்கூடாது என்று பார்த்துச் செய்திருக்கிறான் மனிதன்.

கிரான்ட் பூங்காவில் தண்ணீர் நிரப்பினேன், வீட்டில் சுட்டுக்கொண்டு போன கடலை மிட்டாய் இரண்டு. ஸ்மித் கிரீக் பாலத்தில் அண்ணாந்து பார்த்தேன். நீங்கள் சொன்ன மாதிரியே கைக்கெட்டும் தூரம். அங்கிருந்து எனக்கு ஒரு மணி பத்து நிமிடம் ஆனது. கடைசி மூன்று கிலோமீட்டரில் அந்தக் கோபுரத்தை மனதாரத் திட்டினேன்.

பத்தே முக்கால் மணிக்கு மேலே. கொஞ்ச நேரம் காத்திருந்ததில் கட்டடம் திறந்தது. 36 அங்குலத் தொலைநோக்கி, 1888-லிருந்து அங்கே இருக்கிறது. வியாழனின் ஐந்தாவது நிலவை 1892-இல் அதில்தான் கண்டுபிடித்தார்கள் என்று எழுதியிருந்தது. அதன் அடித்தளத்தில் லிக்கைப் புதைத்திருக்கிறார்கள், ஒரு சின்னப் பலகை. பிரமிடு கேட்ட ஆளுக்குத் தொலைநோக்கியே சமாதி. சைக்கிள் ஷூவோடு டக்டக் என்று நடந்து அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தொடை நடுங்கிக்கொண்டிருந்தது.

திரும்பும்போது அந்த இரண்டாவது "இறக்கம்" ஏற்றமாகி வந்தபோது வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது.

அடுத்த ஞாயிறு ஓல்ட் லா ஹோண்டா. ரயிலில் சைக்கிளோடு ஏறி உட்கார்ந்து போனதே எனக்குத் திருவிழா. மூடுபனி இருந்தது, மரத்திலிருந்து கண்ணாடியில் சொட்டியது. காட்டுக்குள் சத்தமே இல்லை. ஒரு அம்மையார், அறுபது வயதுக்குக் குறையாது, "காலை வணக்கம்" சொல்லிவிட்டு என்னைத் தாண்டிப் போனார்.

பனிமூட்டம்

எல்லாம் சரி. நேரம் எவ்வளவு?

ஈசிஆர்_காற்று

38 நிமிடம்.

பனிமூட்டம்

நல்ல இடம் இல்லையா.

ஆலங்காயத்தான்

இத்தனை நாள் சும்மா படித்துக்கொண்டிருந்தேன், இப்போது பேசியே ஆகவேண்டும். வானியல் ஆய்வகத்துக்குப் போட்ட பாதையில் ஏற அமெரிக்கா போனீர்களா? ஜவ்வாது மலையில் காவலூர் இருக்கிறதே. 1986-லிருந்து 2.3 மீட்டர்த் தொலைநோக்கி, வைணு பாப்பு பெயரில். ராமானுஜன் பெயர் வைத்த சிறுகோளைக் கண்டுபிடித்தது அங்கேதான். சென்னையிலிருந்து ரயிலில் வாணியம்பாடி, அங்கிருந்து ஆலங்காயம் வரை கிட்டத்தட்ட சமதரை, பிறகு காட்டுக்குள் ஏற்றம். வண்டி அதிகம் வராது. காவலூர் போய்விட்டு அப்படியே மலைமேல் ஜமுனாமரத்தூர் வரை போகலாம், பலாப்பழம் சீசனில் வந்தால் வழியெல்லாம் வாசனை.

ஈசிஆர்_காற்று

பத்து வருடமாக அந்த ரயிலில் வாணியம்பாடியைத் தாண்டிப் போயிருக்கிறேன் அண்ணா. பிரியாணியைத் தவிர வேறு எதற்கும் அந்த ஊரை நினைத்ததில்லை. சாய்வு எப்படி, குதிரையா டிரக்கா?

ஆலங்காயத்தான்

டவுன் பஸ் போகிற பாதை. 34 பல்லைக் கழற்றாமல் கொண்டு வாருங்கள்.